கொழுந்துக்கு உரிய பங்கு

இன்று இலங்கைத் தேயிலையில் பாதிக்கும் மேல் சிற்றுடைமையாளர்களின் கொழுந்திலிருந்தே வருகிறது. பறித்த கொழுந்து காத்திருக்காது. அன்றே தொழிற்சாலை சேராவிட்டால் சாக்குக்குள் சூடேறிச் சிவந்துவிடும். வீதியோரம் தராசு மாட்டிக் கொழுந்து வாங்கும் லொறிக்காரர் சொல்வதே விலை என்றால், பேரம் பேச நேரமேது? அதனால்தான் 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் கொழுந்துக்கு நியாய விலை வகுக்கப்படுகிறது. தொழிற்சாலையின் தேயிலை விற்கப்பட்ட விலையில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பதே அடிப்படைக் கணக்கு.

அரசு தலையிட்டால் சந்தை கெடும் என்பார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென விதித்த தடை விளைச்சலைக் குறைத்ததை மறக்க முடியாது. ஆனால் இந்தப் பங்குக் கணக்கு வேறு வகை. விலையைக் கொழும்புத் தேயிலை ஏலமே தீர்மானிக்கிறது. அரசு பங்கை மட்டும் வரையறுக்கிறது. ஏலவிலை ஏறினால் விவசாயி, தொழிற்சாலைக்காரர் இருவருக்கும் இலாபம். தரமான கொழுந்தில் இருவருக்கும் அக்கறை பிறக்கிறது. உழைப்புக்குரிய பங்கு கைக்கு வந்தால்தான் விவசாயி உரமிடுவார், மறுநடுகை செய்வார். தராசு பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதே நல்லாட்சியின் முதல் வேலை. வளர்ச்சி அங்கேதான் வேர்விடுகிறது.