பெட்ரோல் வண்டியா, மின்சார வண்டியா?

(வாடிப்பட்டி விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



கிணற்றடியில் ஆயில் எஞ்சினா, மின்சார மோட்டாரா என்று நம் முன்னோர் ஒரு காலத்தில் கணக்குப் பார்த்தனர். அதே கணக்கை இன்று நாம் வண்டிக்குப் போட வேண்டியிருக்கிறது. மல்லிகையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மாட்டுத்தாவணிக்குச் செல்வோர், மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று நம்மைக் கேட்கின்றனர்.

100 கிலோமீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுமென்றும், லிட்டர் 100 ரூபாயென்றும் கொண்டால் செலவு 200 ரூபாய். மின்சார ஸ்கூட்டருக்கு, சார்ஜ் செய்வதில் நேரும் சேதாரத்தையும் சேர்த்து, மூன்றரை யூனிட் வேண்டும். யூனிட் 5 ரூபாய் வீதம் 17 ரூபாய் 50 காசு. பார்த்தவுடன் 182 ரூபாய் 50 காசு மிச்சம் என்று தோன்றும்.

அவசரப்படலாகாது. பாட்டரியும் தேயும் பொருளே. 50,000 கிலோமீட்டருக்குப் பின் 60,000 ரூபாயில் அதை மாற்ற நேருமெனில், 100 கிலோமீட்டருக்கு 120 ரூபாய் ஆகிறது. ஆகவே உண்மை லாபம் 62 ரூபாய் 50 காசுதான். எஞ்சின் ஆயில் செலவு இல்லாமை தனி லாபம்.

மின்சார வண்டியின் விலை 25,000 ரூபாய் அதிகமென்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை திரும்பிவர 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இரண்டாண்டுக்குள் ஈடாகும். 10 கிலோமீட்டர் மட்டும் ஓடுபவருக்கோ ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகும். பாட்டரி ஓடாமல் நின்றாலும் வயதினால் தேயும் என்பதை அவர் மறக்கலாகாது.

வீட்டு மின்கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்தில் 126 யூனிட் கூடும். மொத்த உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடும். அதற்கு அஞ்சி, பம்புசெட் இணைப்பிலிருந்து வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது முறையன்று. 1990 முதல் கிடைக்கும் அந்த இலவச மின்சாரம் பாசனத்திற்கே உரியது. அனுமதித்த காரியத்திற்கன்றி வேறொன்றிற்குப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ் கட்டணம் விதிக்கப்படும்.

ஊராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. குப்பை சேகரிக்கும் பாட்டரி வண்டிகள் பல ஊராட்சிகளில் ஓடுகின்றன. பாட்டரி தீர்ந்த நாளில் பணமில்லையெனில் நல்ல வண்டியும் கொட்டகையில் நின்றுவிடும், துப்புரவும் நின்றுவிடும். ஆதலால் வண்டி வந்த முதல் மாதத்திலிருந்தே பாட்டரிக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது ஊராட்சியின் கடமை.

விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தையே நாம் உண்கிறோம். மின்சார வண்டி தரும் மிச்சத்திலும் பாட்டரிக்குரிய பங்கை முதலில் எடுத்து வைப்போம். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவர் மின்சார வண்டியைத் துணிந்து வாங்கலாம். எப்போதோ ஓடுபவர் உள்ள வண்டியையே பேணுவது சிக்கனம்.