பிள்ளைக்கேற்ற கல்லூரி: நான் பிந்திப் படித்த பாடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், 1993ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவியும் தற்போது அமெரிக்காவில் வசிப்பவருமான எமது அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்லூரி என்று சொன்னால் இங்கே இருக்கும் எல்லோருக்கும் நினைவில் வருவது இந்த வாசலும் இந்த மண்டபமும்தான். ஆனால் இன்று என்னைப் பேசக் கேட்டது வேறு கல்லூரிகளைப் பற்றி. அமெரிக்காவில் பாடசாலை முடித்த பிள்ளைகள் நான்கு வருடப் பட்டப்படிப்புக்குப் போகும் இடத்தைக் கல்லூரி என்கிறார்கள். நாங்கள் கம்பஸ் என்று சொல்வோமே, அது.

சென்ற வருடம் நியூ ஜேர்சியில் ஒரு கலியாணவீட்டில், எனக்கு ஐந்து வகுப்புக் கீழே படித்த தங்கை ஒருத்தி கேட்டாள். "அக்கா, பிள்ளைக்குப் பேர்பெற்ற இடமும் வேணும், பிள்ளை நொந்து போகவும் கூடாது. அப்பிடி ஓர் இடம் இருக்கோ?" அன்று பந்தி நேரம், பதில் சொல்லி முடிக்கவில்லை. இன்று அந்தப் பதிலைச் சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முதலில் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

என் மூத்த மகள் 2019இல், எவரும் பெயர் கேட்டவுடன் புருவம் உயர்த்தும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். விண்ணப்பித்தவர்களில் மிகச் சிலரையே எடுக்கும் இடம். அனுமதி கிடைத்த அன்று ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் என்று எல்லா இடத்துக்கும் தொலைபேசியில் சொன்னேன். அங்கே பாடங்கள் எப்படி நடக்கின்றன, புள்ளி எப்படிப் போடுகிறார்கள், பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊரில் கம்பசுக்கு அனுப்பும்போதாவது பகிடிவதை எப்படி என்று விசாரிப்போம். நான் அதுகூட விசாரிக்கவில்லை.

மார்கழி விடுமுறைக்கு அவள் வந்தபோது உடுப்பெல்லாம் தொளதொளத்துத் தொங்கியது. மூன்றாம் நாள் இரவு குசினியில் நின்று, "அம்மா, நான் அங்க திரும்பிப் போகேல்லை" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாரும் படிக்கினம்தானே, நீ மட்டும் ஏன் இப்பிடி?" அந்த வசனத்தை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

மெல்ல மெல்லத்தான் விசயம் தெரிந்தது. அங்கே முதலாம் வருட விஞ்ஞானப் பாடங்களில் இத்தனை பேருக்குத்தான் ஏ என்று முன்கூட்டியே ஒரு கணக்கு இருந்ததாம். பக்கத்தில் இருப்பவள் நன்றாகச் செய்தால் தன் புள்ளி இறங்கும். ஆகவே யாரும் யாருக்கும் குறிப்புக் கொடுப்பதில்லை. விரும்பிய துறையில் சேர உள்ளே போன பிறகும் இன்னொரு போட்டி. மாணவர் கழகங்களில் சேரக்கூட நேர்முகப் பரீட்சை. நான்கு கழகங்களுக்கு விண்ணப்பித்து நான்கிலும் அவளை விலக்கியிருந்தார்கள். வாசலைத் தாண்டினால் போதும் என்று நான் நினைத்திருக்க, உள்ளே வாசலுக்கு மேல் வாசல் இருந்திருக்கிறது.

அவள் விடுப்பெடுத்தாள். பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனால் 2021இல் இளையவள் விண்ணப்பிக்கத் தொடங்கியபோது நாங்கள் நால்வரும் மேசையில் இருந்து வேறு விதமாகத் தேடினோம். அப்போது கற்றுக்கொண்டவற்றைத்தான் சொல்கிறேன்.

முதலாவது, உள்ளே போவது கடினம் என்பதும் உள்ளே இருப்பது கடினம் என்பதும் இரண்டு வேறு விசயங்கள். பிரவுண் பல்கலைக்கழகம் மிகக் குறைந்த வீதத்தினரையே சேர்க்கும் இடங்களில் ஒன்று. ஆனால் 1969இல் மாணவர்களே முன்னின்று கேட்டுக் கொண்டுவந்த திறந்த பாடத்திட்டம் இன்றும் அங்கே உண்டு. எல்லோரும் படித்தேயாக வேண்டும் என்ற பொதுப் பாடப் பட்டியல் இல்லை. புள்ளி வேண்டாம், திருப்தி என்று மட்டும் பதியுங்கள் என்று சொல்லியும் பாடம் எடுக்கலாம். மாணவரின் சராசரிப் புள்ளியைப் பல்கலைக்கழகம் கணக்கிடுவதே இல்லை. இதற்கு மறுபக்கமாக, பிரின்ஸ்ரனில் 2004 தொடக்கம் 2014 வரை ஏ தரங்கள் ஏறத்தாழ 35 வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்ற வழிகாட்டல் இருந்தது. பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள். இரண்டும் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படும் இடங்கள். விதிமுறையில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

ஆகவே தரவரிசைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு விதிமுறைகளை வாசியுங்கள். ஸ்வார்த்மோர் கல்லூரியிலும் எம்.ஐ.ரி.யிலும் முதல் அரையாண்டுக்கு ஏ, பி என்ற தரம் பதியப்படுவதில்லை. புது இடத்துக்கு வந்த பிள்ளை கால் ஊன்றட்டும் என்ற எண்ணம். ஹவர்போர்ட் கல்லூரியில் மாணவர்களே ஆண்டுதோறும் கூடி ஏற்றுக்கொள்ளும் ஒரு நன்னடத்தைக் கோவை இருக்கிறது. இறுதிப் பரீட்சைகளில் பலவற்றுக்கு மேற்பார்வையாளர் இல்லை, எந்த நேரம் எழுதுவது என்பதையும் மாணவரே தீர்மானிக்கலாம். கொலறாடோ கல்லூரியில் 1970 தொடக்கம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாடம், மூன்றரைக் கிழமைக்கு. ரைஸ் பல்கலைக்கழகத்தில் வந்த எல்லாப் பிள்ளைகளையும் சிறிய இல்லக் கல்லூரிகளாகப் பிரித்துவிடுகிறார்கள். எங்கள் விளையாட்டுப் போட்டி இல்லங்களைப் போல என்று வையுங்கள். யாரை எந்த இல்லத்தில் போடுவது என்பதில் போட்டி கிடையாது, ஆகவே ஒரு பிள்ளையும் வெளியே நிற்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் இலகுவான இடங்கள் அல்ல. ஸ்வார்த்மோரும் எம்.ஐ.ரி.யும் கடுமையாக வேலை வாங்கும் இடங்கள் என்றே பெயர் எடுத்தவை. மூன்றரைக் கிழமையில் ஒரு பாடத்தை முடிப்பது சில பிள்ளைகளுக்குச் சுகம், சிலருக்கு மூச்சுமுட்டும். ஆகவே எது நல்ல கல்லூரி என்று பொதுவாகக் கேட்காமல், என் பிள்ளைக்கு எந்தச் சுமை தாங்கும், எந்தச் சுமை தாங்காது என்று கேளுங்கள்.

இரண்டாவது, இலக்கங்கள். பெரும்பாலான கல்லூரிகள் பொதுத் தரவுத் தொகுப்பு என்ற ஓர் அறிக்கையை வருடந்தோறும் வெளியிடுகின்றன. முதலாம் வருடம் படித்தவர்களில் எத்தனை வீதமானோர் இரண்டாம் வருடத்துக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் ஆறு வருடத்துக்குள் பட்டம் பெற்றார்கள், வகுப்புகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மிகப் பெயர்பெற்ற இடங்களில் இந்த வீதங்கள் எங்கும் உயர்வாகவே இருக்கும்; ஆகவே அங்கே வகுப்பின் அளவைக் கவனியுங்கள். பத்துப் பதினைந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியருக்குத் தெரியும். முந்நூறு பேர் மண்டபத்தில் என் மகள் மூன்று கிழமை போகவில்லை, ஒருவரும் தேடவில்லை.

பணத்தையும் மறக்க வேண்டாம். கடன் பாரமும் மன அழுத்தம்தான். உங்கள் வருமானத்துக்கு உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று மதிப்பிடும் கணிப்பான் ஒன்றைக் கல்லூரிகள் தங்கள் இணையத்தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 தொடக்கம் சட்டம். விண்ணப்பிக்க முதலே போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, நேரில் போய்ப் பார்ப்பது. வழிகாட்டி காட்டும் புல்தரையைப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஸ்ரான்போர்ட்டில் வாத்து நோய் என்று ஒரு சொல் வழங்குகிறது. வாத்து நீருக்கு மேலே அமைதியாகப் போகும், கீழே கால் இரண்டும் படாதபாடு படும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு திரிவதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இயலுமானால் பரீட்சைக்கு முந்திய கிழமை போங்கள். சாப்பாட்டுச்சாலையில் போய் இருங்கள். பிள்ளைகள் தனித்தனியாக இருந்து சாப்பிடுகிறார்களா, சேர்ந்து இருக்கிறார்களா என்று பாருங்கள். இளையவள் எல்லா இடத்திலும் கேட்ட கேள்விகள் இவை:

கடைசியாக எப்போது எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள்?

ஒரு பாடம் பிழைத்துப்போனால் முதலில் யாரிடம் போவீர்கள்?

வகுப்புக்கு வராத நண்பிக்கு உங்கள் குறிப்பைக் கொடுப்பீர்களா?

விரும்பிய துறையில் சேர மறுபடியும் போட்டி உண்டா?

உளவள ஆலோசகரைக் காண எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? விடுப்பெடுத்துப் போனவர் திரும்பி வருவது இலகுவா?

ஓர் இடத்தில் முதல் கேள்விக்கே மூன்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நாங்கள் காரில் ஏறியதும் அவள் அந்தப் பெயரை வெட்டினாள். இன்னோர் இடத்தில் ஒரு மாணவி தன் மடிக்கணினியைத் திறந்து, வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுதும் குறிப்பைக் காட்டினாள். அப்படியான ஒரு சிறிய கல்லூரியில்தான் இளையவள் படிக்கிறாள். கலியாணவீடுகளில் பெயரைச் சொன்னால் "அது எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். எனக்கு இப்போது அது வலிப்பதில்லை.

பெயர் குறைந்தால் எதிர்காலம் குறையுமோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. பொருளியலாளர்கள் ஸ்ரேசி டேலும் அலன் குரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. ஒரே தகைமையுள்ள பிள்ளைகளை ஒப்பிட்டால், மிகப் போட்டியான கல்லூரிக்குப் போனவர்களும் அதைவிடப் போட்டி குறைந்த இடத்துக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவே சம்பாதித்தார்கள் என்று கண்டார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடம் கூடுதல் பயன் தந்தது. 2023இல் ராஜ் செட்டி குழுவினரின் ஆய்வு, மிக உயர்ந்த பதவிகளையும் வருமானத்தையும் அடையும் வாய்ப்பைச் சில இடங்கள் கூட்டுகின்றன என்றது. இரண்டையும் சொல்லிவிட்டேன். எது வேண்டும் என்று பிள்ளையோடு இருந்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, வீடு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் பெறுபேறு பிள்ளைக்குத்தான் உரியது. சம்மதம் இல்லாமல் அதைக் கேட்டுப் பெறும் உரிமை பெற்றோருக்கு இல்லை. மூத்தவளின் பெறுபேறு எனக்கு வரவில்லை என்று அன்று கோபப்பட்டேன். றிப்போட் வீட்டுக்கு வராத நாட்டில் பிள்ளை வாய்திறந்து சொல்வது ஒன்றுதான் வழி. அவள் சொல்லக்கூடிய அம்மாவாக நான் இருக்கவில்லை. எந்தக் கல்லூரியில் சேர்த்தாலும், வாராவாரம் தொலைபேசி எடுத்து முதல் கேள்வியாகப் புள்ளியைக் கேட்டால், நல்ல கல்லூரி செய்வதை நாங்களே கெடுத்துவிடுவோம்.

நாங்கள் உயர்தரம் எடுத்த காலம் உங்களுக்குத் தெரியும். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைச் சுற்றி நாலு பேர் இருந்து படித்தோம். ஒருத்தி எழுதிய இரசாயனவியல் குறிப்பை மற்ற மூவரும் கையால் பிரதி பண்ணினோம். பல்கலைக்கழக இடங்கள் எண்ணி எடுக்கக்கூடியவை என்று நால்வருக்கும் தெரியும். இருந்தும் ஒருத்தியும் கொப்பியை ஒளித்தது கிடையாது. அது சுகமான காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவள் வெல்வதால் நான் தோற்கிறேன் என்று எங்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. அந்த நால்வரில் மற்ற இருவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒருத்தி ரொறன்ரோவிலிருந்து வர முடியாமல் காலையில் வீடியோவில் அழைத்து அழுதாள்.

தங்கைச்சி, நீ கேட்ட இடம் இருக்கிறது. அது எந்தப் பட்டியலிலும் முதலாம் இலக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. விளக்கைச் சுற்றி இருக்க உன் பிள்ளைக்கு இடம் விடுகிறார்களா என்று போய்ப் பார்.