மலைக் கிராமத்து வானொலிப் பள்ளி



கிறிஸ்தவ வானொலி என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி ஞாபகம் வரும். கரகரப்புக்கு நடுவே அந்தக் குரலைப் பிடிக்க ஏரியல் கம்பியை ஜன்னலில் கட்டியவர்கள் உண்டு. கேட்டதைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு, தங்கள் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த நேயர் மன்றத்தார் உண்டு. 2018 ஜூன் மாதத்தோடு அந்த நிலையம் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. எப்படியும் அது கடல் தாண்டி வந்த குரல். ஒரு பங்குக் கோயிலை ஒட்டி, அந்த ஊர் ஜனங்களுக்காகவே நடக்கும் கிறிஸ்தவ நிலையத்தை நாம் கண்டதில்லை. தனியார் எஃப்.எம். உரிமம் தரும் இந்திய விதிகளில் மத அமைப்புகளுக்கு இடமில்லை. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். அப்படி ஒரு நிலையத்தை நடத்துவதிலும் கேட்பதிலும் என்ன கலை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நாம் வெளியேதான் போக வேண்டும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது கொலம்பியா நாட்டின் சுத்தாத்தென்சா வானொலி.

ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குக் கிளையில், பொயாக்கா மாநிலத்தில், தென்சா பள்ளத்தாக்கில் இருக்கிறது சுத்தாத்தென்சா என்ற ஊர். 1940-களில் ஊர் என்றால் ஒரு சதுக்கம், ஒரு கோயில், சில தெருக்கள். ஜனங்கள் இருந்ததெல்லாம் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில். இந்தச் சரிவில் ஒரு வீடு, அடுத்த சரிவில் இன்னொரு வீடு. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு இறங்கி வருவார்கள். பூசை முடிந்ததும் சோளத்தில் காய்ச்சிய சீச்சா குடித்துவிட்டு மறுபடி மலையேறுவார்கள். மற்ற ஆறு நாளும் அவர்களைப் பார்க்க முடியாது. அன்று பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது.

1947 ஆகஸ்டில் ஹோசே ஹோவாக்கின் சால்செதோ என்ற இளம் குருவானவர் அங்கே உதவிப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்தோ ஆறோ. சினிமா காட்டுவதிலும் வானொலிக் கருவிகளைக் கோப்பதிலும் ஆர்வம் உள்ளவர். முதலில் சதுக்கத்தில் படம் காட்டினார், கூட்டம் சேர்ந்தது. திரையரங்கு கட்டப் பணம் இல்லை என்றதும் ஜனங்கள் ஆளுக்கொரு கோழி கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றும், அவற்றைத் தலைநகர் பொகோட்டாவுக்கு அனுப்பி விற்றார்கள் என்றும் அந்த நிலையத்தின் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படுகிறது. அந்த ஆண்டே 90 வாட் திறனுள்ள ஓர் ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். 90 வாட் என்பது நம் வீட்டுப் பழைய நூறு வாட் குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு பள்ளத்தாக்குக்கு அது போதும்.

இதுவரை சொன்னது எந்த நிலையத்துக்கும் பொருந்தும். ஒரு துடிப்பான ஆள், ஒரு சின்ன இயந்திரம், கொஞ்சம் நன்கொடை. சால்செதோவை நான் கலைஞர் என்று மதிப்பது இதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. குரலை அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை, அந்தப் பக்கம் அதைக் கேட்பது எப்படி நடக்க வேண்டும் என்பதையும் ஏற்பாடு செய்தார்.

ஒரு வீட்டு அடுப்படியை மனசில் கொண்டுவாருங்கள். பொழுது சாய்ந்துவிட்டது, விளக்கு எரிகிறது. பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி, ஒரு கரும்பலகை, சாக்கட்டி. அந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கம்பளிப் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் வாத்தியார் இல்லை. அதே மலைச்சரிவில் உழுது பிழைப்பவர்தான். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். அவருக்கு உதவியாளர் என்று பெயர். வானொலியில் ஆசிரியர் ஓர் எழுத்தைச் சொல்லி, அதைப் பலகையில் எழுதும்படி உதவியாளரிடம் சொல்கிறார். சொல்லிவிட்டு நிறுத்துகிறார். பலகையில் எழுதி முடிக்கிற வரை, பிறகு மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள் அதைப் பார்த்து எழுதி முடிக்கிற வரை, அவர் பொறுத்திருக்க வேண்டும்.

வானொலிக்காரர்கள் மௌனத்துக்குப் பயப்படுகிறவர்கள். பத்து விநாடி சத்தம் இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு அறையில் ஆள் எழுந்து ஓடுவார். இங்கே அந்த மௌனம்தான் பாடம். முகம் தெரியாத மாணவரின் கை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணித்து, அந்த நேரத்தைக் காலியாக விட்டு, மறுபடி சரியான இடத்தில் குரலை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மாணவர் பின்தங்குவார், இழுத்தால் தூங்கிவிடுவார். நல்ல அறிவிப்பாளர் என்றால் தெளிவான உச்சரிப்பும் கனத்த குரலும் என்று நினைக்கிறோம். கேட்பவரின் கையைக் கணிக்கும் இந்தத் திறமைக்கு நான் அதைவிட அதிக மதிப்பெண் போடுவேன்.

உதவியாளர் வருகைப் பதிவு எடுத்துப் பங்குத்தந்தைக்குக் கொடுப்பார், பங்குத்தந்தை நிலையத்துக்கு அனுப்புவார். கேட்பது இப்படி ஒரு வேலையாகவே ஆனது. நிலையம் சொல்லித் தந்தவற்றை ஐந்து தலைப்புகளில் அடக்கினார்கள்: உடல்நலம், எழுத்து, எண், பொருளாதாரமும் உழைப்பும், ஆன்மிகம். செபமாலையும் இருந்தது, மறைக்கல்வியும் இருந்தது. அவற்றோடு சேர்ந்து எருக்குழி வெட்டுவது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, அடுப்பைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவது, காய்கறித் தோட்டம் போடுவது எல்லாமே வந்தன. செபத்தையும் எருக்குழியையும் ஒரே குரல் சொன்னதால் எருக்குழிக்குக் கொஞ்சம் புனிதம் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம் ஊரில் பங்குச்சாமியார் சொல்லித் தடுப்பூசி போட்டுக்கொண்ட கிராமங்களை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

நமக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு, மதம் கலக்காமல். 1956-இல் புனே பகுதியில் அகில இந்திய வானொலி 150 கிராமங்களில் உழவர் மன்றங்களை அமைத்துப் பரிசோதித்தது: கூடிக் கேட்பது, கேட்டதை விவாதிப்பது, கேள்விகளைத் திருப்பி அனுப்புவது. தஞ்சை வயல்களில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, வானொலியில் கேட்டுப் போட்டதால் ஜனங்கள் அதை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். ஆனால் நம்முடைய ‘வீடும் வயலும்’ வானொலி நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்குப் பக்கத்தில் சாக்கட்டியோடு ஓர் ஆள் நின்றதில்லை.

சுத்தாத்தென்சா வளர்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மக்கள் பண்பாட்டுப் பணி என்று பொருள்படும் பெயரில் அது ஒரு நிறுவனம் ஆனது. 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதற்காக வானொலியில் உரையாற்றினார். உழவர் தலைவர்களைப் பயிற்றுவிக்கப் பயிலகங்கள் வந்தன, ஆண்களுக்கு முதலில், பெண்களுக்குப் பிறகு. 1958-இல் எல் காம்பெசினோ, அதாவது உழவன் என்ற வாரப் பத்திரிகை வந்தது. புதிதாகப் படிக்கக் கற்றவருக்குப் படிக்க ஏதாவது வேண்டாமா? பொகோட்டா, காலி, மெதெயின், பாரங்கியா என்று பெரிய நகரங்களில் ஒலிபரப்பிகள் நின்றன. நேயர் கடிதங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. அவற்றுக்குப் பதில் எழுதவே தனியாக ஆட்கள் இருந்தார்கள்.

இனி எனக்கு உறுத்துகிற விஷயம். அந்த நிலையம் கொடுத்த வானொலிப் பெட்டிகளில் வேறு நிலையம் எடுக்காது. முள்ளைத் திருக வழியே இல்லாமல் ஒரே அலைவரிசைக்குக் கட்டி வைத்திருந்தார்கள். பாடம் கேட்கிற நேரத்தில் யாரும் பாட்டுக்குத் தாவிவிடக் கூடாது, பேட்டரி வீணாகக் கூடாது என்று நியாயம் சொல்லலாம். இருந்தாலும், பிறர் வாசிக்கட்டும் என்று கண்ணைத் திறந்துவிட்டு, இதை மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்வதுபோல இருக்கிறது எனக்கு. அந்த நாட்டில் 1948-க்குப் பிறகு இரண்டு பெரிய கட்சிகளைச் சேர்ந்தவர்களும் கிராமம் கிராமமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம் அது. பொதுவுடைமை என்றால் சால்செதோவுக்கு ஆகாது. உழவரின் வறுமை அவர் மனசில் இருந்தது, அறியாமை போனால் வறுமையும் போகும் என்று நம்பினார். நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவருடைய பாடத்திட்டத்தில் பெரிய இடமில்லை. இந்த வானொலிப் பள்ளிகளைப் பற்றி 1961-இல் ஒரு சமூகவியல் ஆய்வு வந்தது. அதன் ஆசிரியர்கள் இருவரில் ஒருவர் கமிலோ தோரெஸ், அவரும் குருவானவர். பின்னாளில் கெரில்லாப் படையில் சேர்ந்து 1966 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒரே நாட்டில், ஒரே திருச்சபையில், ஒரே உழவரைப் பார்த்த இரண்டு சாமியார்கள்.

நிலையத்துக்கு நெருக்கடி வந்தது இடதுசாரிகளிடமிருந்து அல்ல. எத்தனை பிள்ளை பெறுவது என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவுசெய்ய வேண்டும் என்று அது பிரசாரம் செய்தபோது ஆயர்களோடு உரசல் வந்தது. வெளிநாட்டு உதவி வற்றியது, கடன் ஏறியது. மலையிலிருந்த ஜனம் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. மிச்சம் இருந்தவர்கள் கையில் எந்த நிலையத்தையும் பிடிக்கிற டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1980-களின் முடிவில் அலைவரிசைகள் கராக்கோல் என்ற வணிக வானொலி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஒலிநாடாக்களும் கடிதங்களும் இப்போது பொகோட்டாவில் லூயிஸ் ஆங்கெல் அராங்கோ நூலகத்தில் இருக்கின்றன.

அதற்குள் அந்த முறை பல நாடுகளுக்குப் போயிருந்தது. ஈக்வடாரில் ரியோபாம்பா ஆயர் லியோனிதாஸ் புரோவாஞோ 1962-இல் தொடங்கிய வானொலிப் பள்ளியில் பூர்வகுடிகளின் கிச்சுவா மொழி ஒலித்தது. எனக்கு மிகவும் பிடித்தது பொலிவியா நிலையம். சிக்லோ வெயிந்தே என்ற வெள்ளீயச் சுரங்கத்தில் 1959-இல் கனடா நாட்டுத் துறவிகள் பன்னிரண்டாம் பயஸ் பெயரிலேயே அதை நிறுவினார்கள். தொழிலாளரைப் பொதுவுடைமையிலிருந்து மீட்பதுதான் நோக்கம். தொழிற்சங்கத்தாருக்கு அந்தத் துறவிகள்மேல் கடுங்கோபம், சங்கத்துக்கென்று தனி வானொலியும் இருந்தது. ஆனால் சுரங்க வாசலில் தினமும் வாழ்ந்தால் காதில் வேறு சத்தங்களும் விழும்: சுரங்கத்தின் பாறைத்தூசியில் நுரையீரல் கெட்டவர்களின் இருமல், கூலி வெட்டப்பட்ட வீடுகளின் அழுகை. சில ஆண்டுகளில் ஒலிவாங்கி தொழிலாளர் கைக்குப் போய்விட்டது. அதன்பிறகு ராணுவம் பல முறை உள்ளே புகுந்தது. 1975-இல் சுரங்க வானொலிகளை அடித்து நொறுக்கியபோது, சங்கத்து நிலையங்களோடு சேர்த்து இந்தச் சாமியார்களின் நிலையத்தையும் நொறுக்கினார்கள். நிலையத்தார் புதிய கருவிகளைத் தேடி மறுபடி தொடங்கினார்கள்.