கம்பிக்கு உள்ளிருந்து ஓர் ஆய்வு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆஸ்திரேலியா 1992இல் கட்டாயத் தடுப்புக் காவலைக் கொண்டுவந்தது. விசா இல்லாமல் படகில் வந்தவர்களை அடைத்தார்கள். பின்னாளில் ஈழத்தமிழர்களும் அதில் சிக்கினார்கள். தண்டனைக் கைதிக்காவது விடுதலைத் தேதி தெரியும். இவர்களுக்கு அதுவும் கிடையாது.

இது மனதை என்ன செய்கிறது என்று ஆராயப் போனவர்களுக்கு முதல் தடையே வாசற்கதவுதான். ஆனால் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். ஆமிர் சுல்தான், ஈராக்கிய மருத்துவர், சிட்னி வில்லவுட் முகாமில் அடைபட்டவர். அங்கே வேலை பார்த்த உளவியலாளர் கெவின் ஓ'சல்லிவனோடு சேர்ந்து 2001இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 9 மாதங்களுக்கு மேல் அடைபட்டிருந்த 33 பேரைப் பற்றியது அது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட நிராகரிக்கப்பட, மனிதர்கள் படிப்படியாக இருளுக்குள் இறங்குவதை அதில் பதிவு செய்தார்கள். ஒடுக்கப்பட்டவன் சொன்னால் புலம்பல், வெளியாள் சொன்னால் ஆய்வு என்று கேட்டே வளர்ந்த நமக்கு இந்தக் கட்டுரையின் அருமை புரியும்.

'போரிலேயே உடைந்து வந்தவர்கள்தானே, முகாமைக் குறை சொல்வானேன்?' என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2004இல் ஸக்கரி ஸ்டீல் குழு 10 குடும்பங்களை, அவர்கள் மொழியே பேசும் உளவியலாளர்களைக் கொண்டு, தொலைபேசியில் பேட்டி கண்டது. 14 பெரியவர்கள், 20 குழந்தைகள். அத்தனை பேருக்கும் ஏதாவதொரு மனநோய் இருந்தது. அடைபடுவதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் பெரியவர்களிடம் 3 மடங்கு, குழந்தைகளிடம் 10 மடங்கு. சிறிய ஆய்வு, நினைவை நம்பிய ஒப்பீடு. குறை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தியவர்களே 'பெரிய ஆய்வு எங்கே?' என்று கேட்பதுதான் வேடிக்கை.

2015இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முகாமில் கண்டதை வெளியே சொன்னால் ஊழியருக்கு 2 ஆண்டு சிறை என்றது புதிய சட்டம். மருத்துவர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2016இல் அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. 2018 அக்டோபரில் நவுரு அரசு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பையே வெளியேற்றியது. அந்தத் தீவில் அவர்களிடம் மனநலச் சிகிச்சை பெற்ற 208 அகதிகளில் 60 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. 30 சதவீதம் பேர் முயன்றும் இருந்தார்கள்.

திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலும் ஒரு 'சிறப்பு முகாம்' இருக்கிறது. ஈழத்தமிழர்களை அங்கேயும் அடைத்திருக்கிறார்கள். அங்கே ஒருவரிடம் போய் 'பேட்டிக்குச் சம்மதமா?' என்று கேட்டால், மறுத்தால் என்ன ஆகுமோ என்ற பயமில்லாமல் அவரால் பதில் சொல்ல முடியுமா? உளவியல் படிக்கும் தோழர்கள் யாராவது இங்கே இருந்தால் போய்விடாதீர்கள், கூட்டம் முடிந்ததும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம்.