தனுஷ்கோடி: தண்டவாளம் வளர்த்த மணல் ஊர்

பெங்களூருப் பாதை 1864இல் பிரிந்ததால் வளர்ந்த ஜோலார்பேட்டைக்கு, இரயில்வே ஓர் ஊரை எப்படி உருவாக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே இரயில்வே ஓர் ஊரைவிட்டு விலகினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் தனுஷ்கோடியே முதன்மைச் சான்று. வடக்கே பெண்கடல் என்று மீனவர் அழைக்கும் அமைதியான பாக் நீரிணைக்கும், தெற்கே ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே, இராமேசுவரம் தீவின் கோடியில் நீளும் குறுகிய மணல்திட்டில், வயலோ ஆறோ இல்லாத இடத்தில் அவ்வூர் எழுந்தது.

1914இல் அத்தீவை நிலப்பரப்போடு இணைத்த பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னை எழும்பூரிலிருந்து வந்த ‘போட் மெயில்’ (கப்பலோடு இணைந்து இயங்கிய அஞ்சல் வண்டி) தனுஷ்கோடித் துறை வரை ஓடியது. பயணிகள் அங்கே நீராவிக் கப்பலேறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இலங்கையிலுள்ள தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் இரயிலில் கொழும்பு சென்றனர். இந்த ஒரே வேலையைச் சுற்றிச் சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம், இரயில்வே ஊழியர் குடியிருப்பு அனைத்தும் அமைந்தன. ஊரின் வாழ்வு முழுவதும் ஒரே வழித்தடத்தை நம்பியிருந்ததே அதன் செழிப்புக்கும், பின்னர் அதன் அழிவு நிலைத்துவிட்டதற்கும் காரணம் எனலாம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து அன்றிரவு புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள், அதாவது தூண்களுக்கு இடையே தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு விட்டங்கள், சரிந்து விழுந்தன. கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தாக்குப்பிடித்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில், கடலில் கிடந்த கர்டர்களையே மீட்டுப் பொருத்தி, 46 நாளில் பாலம் சீரமைக்கப்பட்டது.

பாலத்துக்குக் கிடைத்த அந்த வேகம் ஊருக்குக் கிடைக்கவில்லை. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. தண்டவாளம் இராமேசுவரத்தோடு நின்றது. கப்பலும் அங்கிருந்தே புறப்பட்டு, 1984 வரை தலைமன்னாருக்குச் சென்றுவந்தது. போக்குவரத்துக்கு மாற்றுத் துறை கிடைத்துவிட்ட பிறகு, பழைய துறையை மீட்கும் தேவை இரயில்வேக்கு இல்லாமற்போயிற்று. புயல் இடித்த ஊரை ஊராகவே இல்லாமற்செய்தது பழைய துறையைக் கைவிட்ட முடிவுதான்.

ஆயினும் மீனவக் குடும்பங்கள் அம்மணலை விட்டு நீங்கவில்லை. உப்புநீரைவிட எடை குறைந்த மழைநீர் மணலடியில் மேலாகத் தேங்கி நிற்பதால், கடலுக்கு வெகு அருகிலேயே கையால் ஊற்றுத் தோண்டி அவர்கள் குடிநீர் எடுக்கின்றனர். 2017இல் மணல்திட்டின் முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டருக்கு மீண்டும் இரயில் பாதை அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது; ஆனால் அத்திட்டம் முன்னேறவில்லை. அது மறுபடி எடுத்துக்கொள்ளப்படுமாயின், கப்பல் இல்லாத துறைக்கு வண்டி யாருக்காக என்ற கேள்வியை, அங்கு வலைவீசி வாழ்பவர்களிடமே முதலில் கேட்பது முறையாகும்.