நிழலை அளந்த ஞானி

செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகாலின் உச்சியைப் பார்த்திருப்பீங்க. பிரமிடு மாதிரிக் கூம்பியிருக்கும். நிஜப் பிரமிடையே ஏறாமல் அளந்தவர் தேல்ஸ். 2,500 வருஷத்துக்கும் முந்தின கிரேக்கத் தத்துவ ஞானி. என்ன செஞ்சாராம்? தன் நிழல் தன் உயரத்துக்குச் சரியா வர்ற வரைக்கும் காத்திருந்து, அந்த நேரத்தில் பிரமிடின் நிழலை அளந்தாராம்.

இதை உங்க பிள்ளைகளும் செய்யலாம். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் சமதரையில் ஒரு முழக் குச்சியை நடச் சொல்லுங்க. அதன் நிழலும் ஒரு முழம் ஆனதும், பக்கத்துப் பனைமர நிழலை அளக்கட்டும். அதுதான் மரத்தின் உயரம்.

"அப்போ செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையை அளக்க முடியுமா?"ன்னு கேட்பாங்க. உடனே பதில் சொல்லிடாதீங்க. நிழலை உச்சிக்கு நேர் கீழிருந்துதானே அளக்கணும்; மலை உச்சிக்கு நேர் கீழே போய் அளவு நாடாவைப் பிடிக்கிறது எப்படி? அவங்களே மண்டையை உடைச்சுக்கட்டும். தேல்ஸ் செஞ்சதும் அதைத்தானே!