தேறலும் தெளிவும்

‘தேறல்’ என்ற சொல் நம் சங்க நூல்களில் பல இடங்களில் வருகிறது. தெளிந்த மது என்பது அதன் பொருள். கலங்கல் நீங்கித் தேறியது ஆதலின் தேறல் ஆயிற்று. நெல்லிலிருந்து ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். அரிசிக் களியைச் சாடியில் இட்டு விளைவித்துப் பிழியும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகவே கூறுகிறது. ஆகவே தானியத்திலிருந்து மது ஆக்குவதும், ஆக்கியதைத் தெளிய வைப்பதும் மேல்நாட்டார் வந்து நமக்குக் கற்பித்த வித்தைகள் அல்ல. மதுவின் நன்மை தீமைகளை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. கலங்கி நிற்கும் பீர் எவ்வாறு தெளிகிறது என்பதே இன்று நாம் காணப்போவது.

புனே நகரின் தென்கிழக்கில் கோந்த்வா இருக்கிறது. அதை அடுத்த உண்ட்ரிப் பக்கத்தில், கொரிந்தியன்ஸ் என்னும் விடுதியில், 2009ஆம் ஆண்டில் ‘டூலாலி’ என்ற சிறு பீர் ஆலை தொடங்கப்பட்டது. இந்தியாவில் தோன்றிய முதற் சிற்றாலைகளுள் அது ஒன்று. ஆலிவர் ஷௌஃப் என்ற ஜெர்மானிய வல்லுநர் அங்கே பீர் ஆக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். நாசிக்கை அடுத்த தேவ்லாலி முகாமில் கப்பலுக்குக் காத்துக் காத்துச் சித்தம் கலங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் குறித்து எழுந்த கொச்சைச் சொல்லே அந்தப் பெயர். கலங்கலைத் தெளிவிக்கும் தொழிலுக்குச் சித்தக் கலக்கத்தின் பெயர் வாய்த்தது வேடிக்கைதான்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் தம் உபயோகத்திற்கு பீர் ஆக்க உரிமம் தேவையில்லை. அங்குள்ள நம்மவர் சிலருக்கும் அது பொழுதுபோக்காக இருக்கலாம். கோந்த்வாவிலோ, 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது ஆக்குவது குற்றமாகும்.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் அது நொதித்து பீர் ஆகிறது. நொதித்த பீர் கலங்கலாகவே இருக்கும். அதை அப்படியே பீப்பாயில் அடைத்துவிட அவசரப்படுவோர் உண்டு. கண்ணுக்கு அழகில்லை என்பது மட்டும் இதன் குறையன்று. மிதக்கும் ஈஸ்ட், எஞ்சிய சர்க்கரையை அடைத்த கலத்துக்குள்ளேயே நொதிக்கச் செய்யும், வாயு மிகும், குழாயைத் திறந்தால் நுரையே கொட்டும். கண்ணாடிப் புட்டியாயின் வெடிக்கவும் கூடும். ஆகையால் நீர்மமானியின் அளவு இரண்டு மூன்று நாள் அசையாமல் ஒரே இடத்தில் நின்ற பிறகே பீப்பாயை நினைக்க வேண்டும்.

அப்பொழுதும் கலங்கல் நீங்கவில்லையானால், அது எந்தக் கலங்கல் என்று முதலில் அறிய வேண்டும். நோய் இன்னதென்று நாடாமல் மருந்தைக் கொட்டுவதில் பயனில்லை. குளிர்ந்த பீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி உள்ளங்கைகளால் பொத்திச் சூடேற்றுங்கள். சூடேறத் தெளிந்தால், அது வாற்கோதுமையின் புரதமும், உமியிலும் ஹாப்ஸிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் குளிரில் கைகோத்ததனால் வந்த மூட்டம். தெளியாவிட்டால், வேறொரு குவளையில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலம் காட்டினால், ஊறவைத்தபோது சர்க்கரையாக மாறாமல் தப்பிய மாவு அது. அடுத்த தடவை ஊறலைத் திருத்துவதன்றி அதற்கு எளிய பரிகாரம் இல்லை. இரண்டும் இல்லையெனில் பெரும்பாலும் ஈஸ்ட்தான்.

ஈஸ்டுக்குக் குளிரும் பொறுமையுமே மருந்து. ஒரு துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் அது அமிழும் வேகம் நான்கு மடங்காகும் என்பது ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851இல் கண்ட விதியின் பயன். தனித்து மிதக்கும் ஈஸ்ட் அணு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இராது. பல அணுக்கள் ஒட்டித் திரண்டால் விரைந்து அடியில் படியும். பீரைச் சுழி டிகிரியிலிருந்து இரண்டு டிகிரி வரையிலான குளிரில் மூன்று நான்கு நாள் அசைக்காமல் வைப்பது இதற்காகவே. குளிரில் உண்டாகும் புரத மூட்டமும் அப்போது ஓரளவு திரண்டு கீழே போய்விடும். சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும் புனே வெயிலில் இதற்கு நல்ல குளிர்பெட்டி வேண்டும். அதில் கைப்பிடித்தம் கூடாது.

காத்திருக்க இயலாதவர் தெளிவிக்கும் பொருளை நாடுகின்றனர். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். கலித்தொகையிலேயே அதற்குச் சான்று உண்டு. துகள்களுக்கிடையே பாலமிட்டு அவற்றைத் திரட்டுவதே கொட்டையின் வேலை. பீரில் அவ்வேலையைச் செய்வது மீனின் காற்றுப்பை. கூறல் மீனின் வயிற்றிலுள்ள இதனை நம் கடற்கரையார் ‘நெட்டி’ என்பர். நல்ல விலைக்கு ஏற்றுமதியாகும் சரக்கு அது. இதிலுள்ள புரதம் நேர்மின் தன்மையுடையது. ஈஸ்டோ எதிர்மின் தன்மையுடையது. இரண்டும் பற்றிக்கொண்டு கசடாக இறங்குகின்றன. ஜெலட்டினும் இவ்வாறே. இருபது லிட்டருக்கு ஓர் அரைத் தேக்கரண்டி போதும். வெந்நீரில் கரைக்கலாம், கொதிக்க விடலாகாது. புரதத்தை முன்னதாகவே குறைக்க, கொதியின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அயர்லாந்துக் கடற்பாசியைச் சேர்க்கின்றனர். இராமநாதபுரக் கரையில் பெண்கள் மிதவைகளில் வளர்க்கும் பாசியிலிருந்து எடுக்கும் பிசினும் அதே இனத்தைச் சேர்ந்ததே.

ஆனால் மீன் நெட்டியும், தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினும் சைவ உணவினருக்கு ஏலாதவை. குவளையைப் பார்த்து இதை எவரும் கண்டுகொள்ள முடியாது. நெட்டியைக் கைவிடுவதாகக் கின்னஸ் நிறுவனமே 2015இல் அறிவித்தது. சைவர் மிகுந்த நம் நாட்டில் எதைக்கொண்டு தெளிவித்தோம் என்பதை ஆலையார் எழுதிவைத்தல் கடமை என்பேன். குளிரும் காலமுமே போதும் என்று நிற்பவருக்கு இந்தச் சங்கடமே இல்லை.

எல்லா பீரும் தெளிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் ‘கோல்ஷ்’ பீர் தெளிந்தே இருக்க வேண்டும் என்று அந்நகர ஆலைகள் 1986இல் உடன்படிக்கை செய்துகொண்டன. பவேரியாவின் கோதுமை பீருக்கோ பெரும்பாலும் மூட்டமே இலட்சணம். மூட்டத்தை விரும்பிக் கேட்பவருக்கு அதைத் தெளிவித்துக் கொடுத்தால் குவளையைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.